சுலோஜனாவின் பின்னங்கால்

இராசதுரை முதலாளியின் கல்வாடியில் எந்நேரமும் ஒரு லட்சம் செங்கல்லாவது அடுக்கிக் கிடக்கும். அங்கே வேலை செய்கிற பதினான்கு பெண்களுக்கு மறைவாய் ஒதுங்க நாலு சுவர் மட்டும் கிடையாது.

வாடி இருந்தது தன்னாமுனைக்கு உட்புறம், வாவிக் கரையில். அவசரம் வந்தால் கரையோரத்துக் கண்டல் பற்றைக்குள் போக வேண்டும். முன்பெல்லாம் அங்கே முதலைக்குப் பயந்தால் போதும். இப்போது ஹோட்டல்காரர்கள் வெள்ளைக்காரர்களை வள்ளத்தில் ஏற்றிக் குருவி பார்க்கக் கூட்டி வருகிறார்கள். ஒரு பக்கம் முதலை, மறுபக்கம் பைனாகுலர். "குருவி பார்க்க வந்தவன் நம்மளப் பார்த்திட்டுப் போய் என்ன பேர் எழுதுவானோ" என்பாள் அவர்களில் மூத்தவளான ஆச்சிப்பிள்ளை. அதனால் பெண்கள் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். சூளை வெக்கையில் நிற்கிறவள் தண்ணீர் குடிக்காவிட்டால் என்ன வரும் என்று ஆஸ்பத்திரித் துண்டுகளைப் பார்த்தால் தெரியும். போன வருடம் மூன்று பேருக்கு மூத்திரக் கடுப்பு. அதில் ஒருத்தி சுலோஜனா.

ஆகவே அவள் பந்து எறிந்தது கப்புக்காக இல்லை, கக்கூசுக்காக. மற்றதெல்லாம் ஊரார் சேர்த்த கதை.

கல்வாடிக்குள் சொப்ட்போல் என்கிற பந்து விளையாட்டு வந்ததற்குக் காரணம் வினோஜன். பிரதேசத்து விளையாட்டு உத்தியோகத்தன். வீடு கட்டக் கல் விலை பேச வந்தவன். வந்த நேரம் பெண்கள் வரிசையாய் நின்று லொறிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கையைத் தாழவிட்டு இரண்டிரண்டு கல்லாய் ஒருத்தி எறிய, அடுத்தவள் பிடித்து அதே வீச்சில் அடுத்தவளுக்கு எறிய, ஒரு கல் கீழே விழவில்லை. வினோஜன் விலை பேச மறந்துபோனான். அவனுடைய வருடாந்தப் படிவத்தில் 'பெண்கள் சொப்ட்போல்' என்றொரு கட்டம் மூன்று வருடமாய் வெறுமையாய்க் கிடந்தது.

"அக்காமார், இதே மாதிரிக் கையத் தாழவிட்டு ஒரு பந்து எறிவீங்களா?" என்று கேட்டான்.

"எத்தின கிலோ?" என்றாள் ஆச்சிப்பிள்ளை.

"இருநூறு கிராமும் வராதக்கா."

"அதுக்கு என்னத்துக்கு ஒரு ஆளு? காத்தே கொண்டு போகுமே."

அப்படித்தான் தொடங்கியது. ஆச்சிப்பிள்ளைக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடம் வெறுங்கையால் செங்கல் பிடித்தவள் என்பதால் பந்து பிடிக்கும் கெச்சர் வேலை அவளுக்கு. கையுறையைக் கொடுத்தபோது, கைக்குக் காய்ச்சலா என்று கேட்டாள். பந்து எறியும் பிட்ச்சர் வேலை சுலோஜனாவுக்கு. அவள் மற்றவர்களைவிட வேகமானவள் இல்லை; அவளுடைய கால்தான் காரணம்.

சொப்ட்போலில் கையை முழு வட்டமாய்ச் சுழற்றி இடுப்புக்குக் கீழே பந்தை விட வேண்டும். அப்படி விடும்போது பின்னங்கால் நிலத்தை விட்டு எழும்பக் கூடாது. பெருவிரல் மண்ணை உரசியபடி இழுபட்டு வர வேண்டும். அது அந்நாளைய சட்டம். மற்ற ஊர்ப் பெண்களுக்கு இது பெரிய வில்லங்கம். வேகமாய் எறிகிற உடம்பு எழும்பத்தான் பார்க்கும். சுலோஜனாவுக்கு வில்லங்கமே இல்லை. கல்வாடி நிலம் முழுக்க உடைகல். வெறுங்காலைத் தூக்கி வைத்தால் கல் குத்தும், இழுத்து வைத்தால் கல் விலகும். பதினொரு வருடம் இழுத்த கால் அது. எப்போதாவது தூக்க வேண்டி வந்தாலும், மெல்ல வைத்து, குத்துகிறதா என்று பார்த்து, பிறகுதான் பாரத்தைப் போடும்.

நடுவர் பக்கீர் சேர். ஏறாவூரில் உடற்பயிற்சி படிப்பித்துப் பென்சன் எடுத்த மனிசன். மைதானத்தில் ஆயிரம் நடந்தாலும் அவருடைய கண் எறிகிறவளின் பின்னங்காலில்தான் நிற்கும். கால் ஒரு நூல் எழும்பினால் அவருடைய இடது கை பக்கவாட்டில் நீளும். "பிழை" என்பார். எதிரணிக்கு ஒரு போல். நாலு போல் சேர்ந்தால் அடிக்கிறவள் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸ் மூலைக்குச் சும்மா நடந்து போகலாம். மூன்று பேஸும் சுற்றி வீட்டுத் தட்டுக்கு வந்தால் ஒரு ரன்.

அந்தக் கைக்கு அதிகம் தீனி போட்டவள் றிஸானா. ஏறாவூர் நெசவு நிலையத்துப் பெண். நாள் முழுக்கத் தறி மிதித்த கால், எறியும்போது தவளை மாதிரி எழும்பிவிடும். அவளுடைய பந்து வந்தால் காற்று கிழிகிற சத்தம் கேட்கும். என்ன பயன்? முதல் இரண்டு வருடமும் பிரதேசப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கல்வாடிப் பெண்கள் மட்டையைத் தோளில் வைத்தபடி நின்றார்கள். பக்கீர் சேரின் கை நீண்டது. நடந்து நடந்தே வென்றார்கள். "றிஸானா எறிஞ்சு தோத்தாள், சுலோஜனா இழுத்து வெண்டாள்" என்று ஏறாவூர்ச் சந்தையில் பேச்சு. சுலோஜனா அதை மறுக்கவில்லை.

இரண்டாம் கப் எடுத்த அன்று பரிசு கொடுக்க வந்த பிரதேச செயலாளர் அம்மா, "பெண்களுக்கு அங்க வசதிகள் எல்லாம் இரிக்குத்தானே?" என்று கேட்டுவிட்டார். இராசதுரை முதலாளியின் கையில் அந்த நேரம் மைக் இருந்தது. மைக் பிடித்தால் முதலாளியின் வாய் கர்ணன். மைக்கை வைத்தால் கை இறுகிவிடும். "மூண்டாந்தரமும் கப் கொண்டு வரட்டும் அம்மா. என்ட செலவில கக்கூஸ் கட்டித் தாறன்" என்றார். கைதட்டல் வாவிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும்.

மூன்றாம் வருட இறுதி ஆட்டத்துக்கு மூன்று கிழமை இருக்கையில் வினோஜன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் போன்.

"சுலோக்கா, சட்டம் மாறிட்டு. கொழும்பில இருந்து கடிதம் வந்திரிக்கு. இனிப் பாய்ச்சல்தான். ரெண்டு காலும் ஆகாயத்தில நிக்க எறியிற. ஒண்டே ஒண்டு, எழும்பின கால மறுகா ஊண்டி, ரெண்டாந்தரம் உந்தப்படாது. அது பிழை."

"ஏன் மாத்தின?"

"அது மேலிடம். நமக்கு ஏன்?"

"கடிதமெண்டு வந்தாச் செய்யத்தானே வேணும்" என்றாள் சுலோஜனா.  பதினொரு வருடம் கல்லும் முள்ளும் பழக்கித் தந்த காலை மூன்று கிழமையில் மாற்ற வேண்டும்.

பயிற்சி தொடங்கியது. கையைச் சுழற்றி எழும்பினாள். எழும்பின கால் கீழே வந்து, மெல்ல மண்ணைத் தொட்டு, குத்துகிறதா என்று பார்த்து, நன்றாய் ஊன்றி, பிறகு உந்தியது. எது இனியும் பிழையோ, அதை மட்டும் அச்சடித்தாற்போல் செய்தது.

"ஊண்டாதகா" என்றாள் ஆச்சிப்பிள்ளை.

"நான் எங்க ஊண்டினன்? கால்தான் ஊண்டுது."

"கால் ஆருட கால்?"

"முதலாளிட கால் மாதிரித்தான் இரிக்கு. நான் சொல்லுறத ஒண்டும் கேக்குதில்ல."

வரிசையாய் நாலு சுடாத பச்சைக்கல் வைத்து, அதற்கு மேலால் பாயச் சொன்னார்கள். கல் நாலும் உடைந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாயச் சொன்னார்கள். ஆச்சிப்பிள்ளையின் தோளில் போய் விழுந்தாள். கடைசியில் வினோஜன் தானே பாய்ந்து காட்டினான். அவன் கரப்பந்து விளையாடியவன். சொப்ட்போல் படித்தது இரண்டு நாள் வகுப்பில், அதிலும் இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டோடு வந்துவிட்டான். பாய்ந்தது நல்ல பாய்ச்சல்தான், இறங்கின இடம் காயப்போட்ட பச்சைக்கல் பாத்தி. சப்பாத்து அடையாளம் பன்னிரண்டு கல்லில் விழுந்தது. முதலாளி அதையும் வீசவில்லை, சுட்டபோது வெடித்த ஒன்றைத் தவிர மற்றதை விற்றுவிட்டார். சித்தாண்டியில் யாரோ ஒருவரின் குசினிச் சுவருக்குள் வினோஜன் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறான்.

இறுதி ஆட்டம் ஏறாவூரில். கல்வாடிப் பெண்கள் கல் லொறியில் வந்து இறங்கினார்கள். றிஸானா முழுக்கைச் சட்டையும் தலைத்துணியுமாய்க் கால்களை உதறிக்கொண்டு நின்றாள்.

"சுலோ ராத்தா," என்றாள் சிரித்துக்கொண்டு, "இண்டைக்கு என்ட காலுக்குப் பெருநாள்."

"என்ட காலுக்கு ஆண்டுத் திவசம்" என்றாள் சுலோஜனா.

றிஸானா எறிய வந்தாள். எழும்பினாள். இரண்டு காலும் ஆகாயத்தில் நின்றன. பக்கீர் சேரின் இடது கை பழக்க தோசத்தில் பாதி எழும்பி, சட்டம் ஞாபகம் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது. பந்து வந்ததை அவர் பார்க்கவேயில்லை. ஆச்சிப்பிள்ளையின் மட்டை அசையுமுன் பந்து பின்னால் போய்விட்டது.

"சேர், அது ஸ்ட்ரைக்கா?" என்று றிஸானா கத்திக் கேட்டாள்.

"ஸ்ட்ரைக்காத்தான் இரிக்க வேணும்" என்றார் பக்கீர் சேர். அப்படி மூன்று விழுந்தால் ஆள் வெளியே.

மூன்று பேர் நின்று மூன்று பேரும் ஆட்டமிழந்து திரும்பினார்கள். இனிச் சுலோஜனாவின் முறை. கையைச் சுழற்றி எழும்பினாள். கால் இறங்கியது, தடவிப் பார்த்தது, ஊன்றியது, உந்தியது. பக்கீர் சேரின் கை இந்தத் தடவை தயங்கவில்லை. வழி தப்பின மாடு தன் பட்டியைக் கண்டது மாதிரி நீண்டது.

"பிழை."

 மூன்று வருடத்தில் சுலோஜனாவுக்கு விழுந்த முதல் பிழை. அதற்குப் பிறகு எண்ணுவதற்கு ஆள் வைக்க வேண்டியிருந்தது. ஏறாவூர்ப் பெண்கள் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாய் நடந்தார்கள். மூன்று இனிங்ஸ் முடிந்தபோது நாலு ரன், ஒன்றுகூட அடித்து எடுத்ததில்லை. கல்வாடிக்கு முட்டை.

ஆச்சிப்பிள்ளை முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தாள். "என்னகா நடக்குது?"

"அவளுகள்தான் நடக்கிறாளுகள்" என்றாள் சுலோஜனா.

அப்போதுதான் அவள் முதலாளியைப் பார்த்தாள். குடைக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். தோற்கிற அணியின் முதலாளி மாதிரி இல்லை. பத்து மூட்டைச் சீமெந்து மிஞ்சின முகம். கால் மேல் கால் போட்டு, ஐஸ்கிறீம் தின்றுகொண்டிருந்தார்.

சுலோஜனாவுக்கு ஆத்திரம் உச்சியில் ஏறியது. நேரே பக்கீர் சேரிடம் போனாள்.

"சேர், ஒரு கேள்வி. நான் பழைய மாதிரிக் கால இழுத்து எறிஞ்சாப் பிழையா?"

பக்கீர் சேர் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். கடதாசியைத் தூரப் பிடித்துப் படித்தார், கிட்டப் பிடித்துப் படித்தார்.

"பிழையெண்டு ஆரு புள்ள சொன்ன?"

"சட்டம் மாறிட்டெண்டாங்களே."

"மாறினது என்ட கைக்கு. பாயிறவளத் தடுக்காத எண்டு எனக்குச் சொல்லியிரிக்கு. இழுக்கிறவள நான் அண்டும் தடுக்கல்ல, இண்டைக்கு ஏன் தடுக்கப் போறன்?"

"அப்ப நான் பாயத் தேவயில்லியா?"

"உன்னப் பாய வைக்கிறதெண்டு எனக்கென்ன நேர்ச்சையா?"

சுலோஜனா திரும்பி வினோஜனைப் பார்த்தாள். வினோஜன் போனுக்குள் எதையோ மும்முரமாய்த் தேடிக்கொண்டிருந்தான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கல்வாடிக்குக் கடிதம் வந்தால் மண் தோண்டாதே என்று வரும், விறகுக்கு அனுமதி எடு என்று வரும், புகைக் குழாயை உயர்த்து என்று வரும். வினோஜனின் அரசாங்கக் கந்தோருக்கும் அப்படித்தான். நிறுத்து, செய், நாளைக்குள் அனுப்பு. விருப்பமென்றால் செய், இல்லையென்றால் சும்மா இரு என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வரக்கூடும் என்பது அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் தோன்றாத விசயம். இளக்கம் வந்தாலும் கட்டளை என்று தலையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற கூட்டம்.

நாலாம் இனிங்ஸில் சுலோஜனா செருப்பு உரசுகிற மாதிரிக் காலை இழுத்து எறிந்தாள். பெருவிரல் மண்ணில் கோடு கீறிக்கொண்டு வந்தது. பந்து வேகமில்லை. ஆனால் ஆச்சிப்பிள்ளை கை காட்டின இடத்தில், ஒரு கல் அகலத்துக்குள் போய் விழுந்தது. ஏறாவூர்ப் பெண்கள் இப்போது அடிக்க வேண்டியிருந்தது. அடித்தார்கள், ஆளின் கைக்கே போனது. அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒரு ரன் இல்லை.

அந்தப் பக்கம் றிஸானாவுக்குக் கால் கனக்கத் தொடங்கியது. நாலு இனிங்ஸ் தவளைப் பாய்ச்சல், மேலே ஆவணி வெயில். முந்திய வருடங்களில் பக்கீர் சேரின் கை அவளை ஓய்வெடுக்க வைத்தது. இந்த வருடம் தடுக்க ஆளில்லை. ஆறாம் இனிங்ஸில் பந்து தளர்ந்தது. கல்வாடி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. முதலாளி ஐஸ்கிறீம் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் காலை இறக்கி உட்கார்ந்தார்.

கடைசி இனிங்ஸ். நாலுக்கு மூன்று. இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று. ஆச்சிப்பிள்ளை அடித்தாள். பந்து மைதானத்து வேலிக்கருகே உருண்டது. முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ்.

"நில்லுங்க அக்கா, நில்லுங்க" என்று வினோஜன் கத்தினான்.

ஆச்சிப்பிள்ளை நிற்கவில்லை. அவள் தலையில் பாரம் இல்லாமல் ஓடிப் பழகாதவள். ஒரு கையைத் தூக்கி, இல்லாத கல்லைத் தலையில் பிடித்துக்கொண்டே ஓடினாள். பந்து அவளை முந்தி வந்து வீட்டுத் தட்டில் காத்திருந்தது. இரண்டு எட்டு வித்தியாசத்தில் அவளும் ஆட்டமிழந்தாள்.

கப் ஏறாவூருக்குப் போனது. றிஸானா நொண்டிக்கொண்டு வந்து சுலோஜனாவின் கையைப் பிடித்தாள். "தொடக்கத்திலயே இழுத்திருந்தா நாங்க அவ்வளவுதான் ராத்தா."

"தெரியும் புள்ள. வெளிய சொல்லாத."

முதலாளி எல்லோர் முதுகிலும் தட்டினார். "பரவால்ல, பரவால்ல. அடுத்த வருசம் பாப்பம்." அவ்வளவு அன்பாய் அவர் ஒரு நாளும் பேசினதில்லை.

லொறியில் திரும்பினார்கள். தன்னாமுனை தாண்டும்போது சுலோஜனா கேட்டாள்.

"ஆச்சியக்கா, கப் கொண்டு வந்தாக் கட்டித் தாறன் எண்டுதானே முதலாளி சொன்ன?"

"ஓம். இப்ப என்னத்துக்கு அத?"

"கொண்டு வராட்டி நாங்க கட்டப்படாதெண்டு சொன்னாரா?"

ஆச்சிப்பிள்ளை யோசித்தாள். லொறி இரண்டு குழிக்குள் விழுந்து எழும்பும் வரைக்கும் யோசித்தாள். "சொல்லல்ல" என்றாள்.

"உடைகல்லு ஆருக்கு?"

"ஆருக்குமில்ல. பள்ளத்துக்குள்ள கொட்டுறம்."

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கினார்கள். குழி தோண்டுவது அவர்களுக்குத் தொழில். களிமண் குழைப்பதும் தொழில். உடைகல்லைச் சுலோஜனா கீழிருந்து எறிந்தாள், ஆச்சிப்பிள்ளை சுவரில் நின்று பிடித்து வைத்தாள். புதன்கிழமை வினோஜன் மோட்டார் சைக்கிளின் பின்னால் கக்கூஸ் பீங்கானைக் கட்டிக்கொண்டு வந்தான். யாரும் கொண்டு வரச் சொல்லவில்லை. சுவர் நெஞ்சு மட்டத்துக்கு வந்தபோதுதான் முதலாளியின் கண்ணில் பட்டது.

"இது என்ன?"

"கக்கூஸ், முதலாளி" என்றாள் சுலோஜனா.

"ஆரு கட்டச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. கட்டாத எண்டும் ஒருத்தரும் சொல்லல்ல."

"கப்பெடுத்தாத்தான் எண்டு நான் மைக்கில சொன்னன்."

"ஓம். அது நீங்க கட்டுறதுக்கு. இது நாங்க கட்டுறது."

முதலாளி சுவரைச் சுற்றி வந்தார். முழுக்கல் ஒன்று கண்ணில் பட்டால் போதும், பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வரிசையாய்க் குனிந்து பார்த்தார். அரைக்கல், கால்கல், மூலை உடைந்த கல். வினோஜனின் காலடி பட்டுச் சுட்டபின் வெடித்த ஒரு கல்கூட இருந்தது. முழுக்கல் இல்லை.

"வெளிச்சுவர் கோணல்" என்றார்.

"உள்ளுக்க இரிக்கிறவளுக்குத் தெரியாது" என்றாள் ஆச்சிப்பிள்ளை.

முதலாளி போய்விட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் அவரே ஒரு தகரக் கதவைக் கொண்டுவந்து பூட்டினார். பத்து மணிக்குப் பிரதேச செயலாளர் அம்மாவின் வாகனம் வந்தது. கதவுக்குக் குறுக்கே சிவப்பு றிபன். "கப் வராட்டியும் சொன்ன சொல்லக் காப்பாத்துறவன் நான், அம்மா" என்றார் முதலாளி. மைக் இல்லாமலே கை தாராளமாகிவிட்டது. படம் பிடிக்க ஒருவனையும் கொண்டுவந்திருந்தார்.

செயலாளர் அம்மா காலையிலிருந்து மூன்று கூட்டத்துக்குப் போய், மூன்று இடத்திலும் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவர். முதலாளி பேசிக்கொண்டே இருந்தார். அம்மா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். பிறகு மெல்லச் சுலோஜனாவின் பக்கம் சாய்ந்தார்.

"தங்கச்சி, உள்ள தண்ணி இரிக்கா?"

"ரெண்டு வாளி நிரப்பி இரிக்கு அம்மா."

அவ்வளவுதான். அம்மா றிபனுக்குக் கீழால் குனிந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொண்டி விழுகிற சத்தம் கேட்டது. இராசதுரை முதலாளி கத்தரிக்கோலோடு வெளியே நின்றார். படம் பிடிக்கிறவன் என்ன செய்வதென்று தெரியாமல் அவரையும் கதவையும் சேர்த்து ஒரு படம் எடுத்தான். அவருக்கு முன்னால், வரிசையில் அடுத்த ஆளாய்ச் சுலோஜனா போய் நின்றுகொண்டாள்.